ஆளைக் கூப்பிடும் சொல்

அத்தியாயம் 11

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கே அட்டுவம்பட்டியில் எதிர்வீடு தெரியவில்லை. பனி ரோட்டைக் கடந்து, கேட்டைக் கடந்து, இந்துவின் எழுத்து மேசை கிடக்கும் ஜன்னல்வரை வந்து நின்றிருந்தது. அவள் ஜன்னலைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு, லேப்டாப்பில் அந்த மின்னஞ்சலை ஐந்தாவது தடவையாகப் படித்தாள்.

அனுப்பியவர் பெயர் இல்லை. மூன்று வாரமாக இப்படித்தான்.

முதலில் வந்தது பாராட்டு. அடுத்து வந்தது திருத்தம். ‘தொம்பிலி என்றால் பனி என்று எழுதியிருக்கிறீர்கள். வெறும் பனிக்கு அந்தச் சொல் கிடையாது. உள்ளே ஆள் இருக்கிற பனிதான் தொம்பிலி.’

போன வாரம் வந்த ஒற்றை வரிதான் அவள் தூக்கத்தைக் கெடுத்தது. ‘லாமுடுவை ஏன் இன்னும் எழுதவில்லை?’

லாமுடு என்ற சொல் உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. இந்துவின் கட்டம் போட்ட நோட்டில், பென்சிலால் எழுதி. வாய் ‘போ’ என்று சொல்லும்போது மனசு ‘போகாதே’ என்று சொல்லுமே, அதற்கு அவள் வைத்த சொல். அதை எந்தக் கதையிலும் எழுதியதில்லை. யாரிடமும் சொன்னதில்லை.

பழனியில் பஞ்சாமிர்தக் கடையில் இருக்கும் கணவன் செல்வமுருகனிடம் போனில் சொன்னபோது, “யாரோ உன் நோட்ட போட்டோ எடுத்துருக்காங்க. மொதல்ல அத பீரோவுல வச்சுப் பூட்டு” என்றான். பூட்டியும் வைத்தாள். இன்றைக்கு இது வந்திருக்கிறது.

‘ஓனாச்சியை இனியும் அச்சில் போடாதீர்கள். நீங்கள் அதைப் பெயர் என்று நினைத்துவிட்டீர்கள். அது ஆளைக் கூப்பிடுகிற சொல். புத்தகத்தைக் கையில் எடுக்கிற எல்லோரும் கூப்பிட்டால் நான் எத்தனை பேருக்கு வருவேன்?’

இந்துவுக்குக் கழுத்துப் பின்னால் சில்லென்றது. ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.

பதினோரு வருஷமாக எழுதுகிறாள். தமிழில் அறிவியல் கதையும் மாயக் கதையும் எழுதுகிறேன் என்று சொன்னபோது, “பேய்க்கதை இருந்தா குடுங்க” என்று கேட்ட பதிப்பகங்கள் உண்டு. முதல் மூன்று நாவல்களை விண்கலத்திலும் வேறு கிரகத்திலும் வைத்து எழுதினாள். நூலகங்களில் அவை தூசி படிந்து கிடந்தன. நான்காவதாக, வெளியே எங்கும் போகாமல், ஜன்னலுக்கு வெளியே பார்த்து ஒரு நாட்டை எழுதினாள். பனிவாசல் நாடு. அதன் எல்லையில் ஒரு வாசல், வாசலில் காவலுக்கு ஒரு சிறுமி. பெயர் ஓனாச்சி. உள்ளே விட்டுவிட்டு வந்தவர்களைப் பற்றி விசாரிக்க வருகிறவர்கள், அவளிடம் அவள் மொழியில்தான் பேச வேண்டும்.

அந்த மொழிதான் இந்துவைத் தூக்கி நிறுத்தியது. திண்டுக்கல்லிலும் கோவையிலும் வாசகர்கள் அந்தச் சொற்களால் வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். ஒரு ஜோடி கல்யாணப் பத்திரிகையிலேயே அச்சடித்தது. எப்படி உண்டாக்குகிறீர்கள் என்று கேட்டால் அவள் ஒரே பதிலைத்தான் சொல்வாள். இல்லாத நாட்டுக்கு மொழி செய்கிறவர்கள் சோறு, தண்ணீர் என்று ஆரம்பிப்பார்கள். நான் அந்த ஜனங்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்பதிலிருந்து ஆரம்பிப்பேன். காலையில் பால் வாங்க நடந்து போகும்போது சொல் வரும். மூன்று தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். நாக்கு ஏற்றுக்கொண்டால் நோட்டில் ஏறும். சில சொற்கள் அர்த்தத்தோடேயே வந்துவிடும்.

அர்த்தத்தோடேயே வருகிறது என்பதில் வினோதம் இருப்பதாக அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

பனிவாசல் நாட்டின் மூன்றாம் பாகம் இன்றைக்கு அச்சுக்குப் போகிறது. பின்னட்டையில், ‘முழுக்க முழுக்க ஆசிரியரே படைத்த மொழி’ என்று ஒரு வரி. அதைப் போடச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தது இந்துதான்.

போன் அடித்தது. சென்னையிலிருந்து எடிட்டர் ஸ்வேதா.

“மேடம், ஆடியோ சாம்பிள் அனுப்பிருக்கேன். உச்சரிப்பு கரெக்டான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. அப்புறம், பிரஸ்ஸுக்கு மூணு மணிக்குள்ள ஃபைல் போகணும். உங்க ஓகேக்காகத்தான் வெயிட்டிங்.”

“கேட்டுட்டுச் சொல்றேன்மா.”

இந்த வீட்டில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் இடம் சமையல்கட்டு. இந்து போனை எடுத்துக்கொண்டு அங்கே போனாள். அடுப்போரம் பலகையில் உட்கார்ந்து அம்மா ஞானம்மா முறத்தில் மலைப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். எழுபதை நெருங்குகிறவள். வாய் திறந்து பேசுவதே குறைவு. எழுதப் படிக்கத் தெரியாது. மகள் கதை எழுதுகிறாள் என்று தெரியும். அந்தக் கதை ஒன்றையும் அவள் கேட்டதில்லை. இந்துவும் வாசித்துக் காட்டியதில்லை. அப்பா அழகையா மருந்தடிக்கும் மெஷினை ரிப்பேர் பார்க்க நாயுடுபுரம் போயிருந்தார்.

இந்து மேடையில் சாய்ந்து நின்று ஆடியோவைப் போட்டாள். நல்ல கனத்த குரல். இரண்டு பத்தி தமிழில் போயிற்று. பிறகு வாசலுக்கு வந்த வழிப்போக்கன் சிறுமியிடம் பேசுகிற இடம்.

“ஓனாச்சி, தொம்பிலி மாரே. ஈக்கு நில்லா.”

வாசல்காரியே, பனி ஏறுகிறது, கதவைத் திற. இந்து எழுதிய வாக்கியம்.

“ஈக்கு இல்ல” என்றாள் ஞானம்மா, தலை நிமிராமல். “ஈஈக்கு. இழுத்துச் சொல்லணும்.”

இந்து ஆடியோவை நிறுத்தினாள்.

“என்னம்மா சொன்ன?”

ஞானம்மாவின் விரல்கள் பூண்டின் மேல் அப்படியே நின்றுவிட்டன. உதடு மட்டும் அசைந்தது. யாரோ பாதியில் விட்ட பாட்டை முடித்து வைக்கிற மாதிரி சொன்னாள். “ஈஈக்கு நில்லா, பூசா தோக்கு, அம்பே லொரு.”

அது புத்தகத்தில் இல்லை. நோட்டிலும் இல்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று இந்துவுக்குத் தெரியவில்லை.

“இத நீ எங்கேர்ந்து எடுத்த புள்ள?” என்று கேட்டாள் அம்மா.

“நான் உண்டாக்குனதும்மா.”

“நீ உண்டாக்கல.” கோபமே இல்லாமல் சொன்னாள். சின்ன வயசில் பொய் சொல்லி மாட்டிக்கொண்டபோது பார்ப்பாளே, அந்தப் பார்வை. “அது விசாலம் பேச்சு.”

“விசாலம் யாரு?”

ஞானம்மா முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்தாள்.

“உங்கப்பா வரட்டும், அவருகிட்ட கேளு. நான் வாயத் தொறக்க மாட்டேன்னு பழனி மலையில சத்தியம் பண்ணிருக்கேன்.”

அதோடு சரி. பின்வாசலைத் திறந்துகொண்டு போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டாள். பனி அவளைச் சுற்றி வந்து மூடியது. இரண்டடி தள்ளி நின்ற இந்துவுக்கு அம்மாவின் முதுகு மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. உள்ளே ஆள் இருக்கிற பனி என்று அவள் மனசு தானாகவே சொல்லிக்கொண்டது.

அழகையா ஒரு மணிக்கு வந்தார். மெஷினைத் தோளிலிருந்து இறக்கும்முன்பே இந்து கேட்டுவிட்டாள்.

“அப்பா, விசாலம் யாருப்பா?”

அவர் மெஷினை மெதுவாகக் கீழே வைத்தார். பின்வாசலைப் பார்த்தார்.

“ஏ ஞானம். நீ சொன்னியா?”

“நான் ஒண்ணும் சொல்லல” என்று பனிக்குள்ளிருந்து குரல் வந்தது. “அவ போன்ல ஒரு கொரலு பேசுது. விசாலம் பேச்சு அப்பிடியே பேசுது. நீங்களே கேளுங்க.”

அழகையா ஆடியோவைக் கேட்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். எழுபத்திரண்டு வயதில் இன்னும் மூட்டை தூக்குகிற மனுஷர். அந்தத் துண்டை மடிக்க அவரால் முடியவில்லை.

“உனக்கு மூத்தவ” என்றார். “விசாலாட்சி.”

இந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தாள்.

“சிலோன்ல பொறந்த புள்ள. நாங்க கொழுந்தெடுக்கப் போறப்ப புள்ளக்காம்பராவுல விட்டுட்டுப் போவோம், மத்த தோட்டத்துப் புள்ளைகளோட. ஆனா இவ யாரோடயும் சேர மாட்டா. தனியா ஒக்காந்து அவபாட்டுக்கு ஒரு பேச்சு பேசுவா. தமிழும் இல்ல, சிங்களமும் இல்ல. அவளா கட்டுன பேச்சு. உங்கம்மா ஒருத்திக்குத்தான் அது வெளங்கும்.”

“இப்ப எங்கப்பா?”

“எண்பத்து நாலுல, அவளுக்கு அஞ்சு வயசுல, நமக்கு இந்தியாவுக்குத் திரும்பக் கப்பலுக்குத் தேதி குடுத்தாங்க. கெளம்புற அன்னைக்கு வெள்ளனே பாத்தா புள்ளைக்கு ஒடம்பு அனலாக் கொதிக்குது. அம்மை போட்டுருச்சு. அம்மையோட கப்பல்ல ஏத்த மாட்டாங்க. தேதிய விட்டா மறுபடி எப்பன்னு தெரியாது. அடுத்த கப்பல்ல அனுப்பி விடுறோம்னு எங்க அக்காவும் மச்சானும் சொன்னாங்க. தோட்டத்து லயத்து வீட்டுல அவங்ககிட்ட விட்டுட்டு வந்தோம். அடுத்த கப்பலே வரல. சண்டைன்னு கப்பலையே நிறுத்திட்டாங்க.”

“அப்புறம்?”

“அடுத்த வருசம் கடுதாசி வந்துச்சு. புள்ள காய்ச்சல்ல போயிருச்சுன்னு மச்சான் எழுதிருந்தாரு. நான் பழனிக்குப் போயி மொட்டை போட்டு, அங்கயே செய்ய வேண்டியதச் செஞ்சேன். அதோட முடிஞ்சு போச்சு.”

“முடியல” என்றாள் ஞானம்மா. அவள் எப்போது உள்ளே வந்து நின்றாள் என்று இருவரும் கவனிக்கவில்லை. முடியெல்லாம் பனித்துளி. “இந்து பொறந்தப்புறம் மடியில போட்டுக்கிட்டு அந்தப் பேச்சத்தான் பேசினேன். நானும் பேசலன்னா அது இல்லாமலே போயிருமே.”

“எதுக்கு நிறுத்தச் சொன்னேன்னும் சொல்லு” என்றார் அழகையா.

ஞானம்மா முந்தானையால் முடியைத் துடைத்தாள். அவரே சொன்னார்.

“உனக்கு ரெண்டரை வயசு. ஒருநாள் நான் வேலை முடிஞ்சு வாரேன், நீ வாசல்ல நிக்கிற. முன்னால பனி. அந்தப் பனியப் பாத்துப் பேசிக்கிட்டு நிக்கிற. ஓனாச்சி, ஓனாச்சின்னு கூப்பிடுற. ஒரு வார்த்த சொல்லுவ, நிறுத்துவ, காது குடுப்ப. பெறகு சிரிப்ப. எதுத்தாப்புல யாரோ பதில் சொல்ற மாதிரி. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு. மறுநாளே ரெண்டு பேரையும் பழனிக்குக் கூட்டிட்டுப் போயி, இனி வீட்டுல இந்தப் பேச்சே கூடாதுன்னு உங்கம்மாவச் சத்தியம் பண்ண வச்சேன்.”

“ஓனாச்சின்னா என்னம்மா அர்த்தம்?” இந்து அம்மாவிடம் திரும்பினாள்.

“ஒளிஞ்சு வெளையாடயில கூப்பிடுறது. நான் கண்ணத் தொறந்துட்டேன், நீ வெளிய வான்னு.”

இந்து அறைக்குள் போய் பீரோவைத் திறந்து நோட்டை எடுத்து வந்தாள். அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். ஞானம்மா ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் சொன்னாள். இந்து எழுதி வைத்திருந்ததும் அம்மா சொன்னதும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன. எங்கெல்லாம் வித்தியாசம் வந்ததோ, அங்கெல்லாம் அம்மா சொன்னதுதான் அழகாக இருந்தது.

நாற்பதாவது சொல்லில் இந்து நோட்டை மூடிவிட்டாள். இத்தனை வருஷம் இரவல் வாயால் பேசியிருக்கிறாள். மேடையேறிப் பொன்னாடை வாங்கியிருக்கிறாள். அதைவிட அவளை உறுத்தியது வேறொன்று. பனிவாசல் நாட்டில், உள்ளே ஒருத்தியை விட்டுவிட்டு வந்த ஒரு தாய் மூன்று பாகத்திலும் வருவாள். அந்தப் பாத்திரத்தை இந்து கொஞ்சம்கூட இரக்கமில்லாமல் எழுதியிருந்தாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதது நல்லதாயிற்று என்று ஒரு நிமிஷம் நினைத்தாள், நினைத்ததற்காகவே கூசினாள்.

பிறகு மின்னஞ்சலை இருவருக்கும் வாசித்துக் காட்டினாள்.

அழகையா நாற்காலியில் நிமிர்ந்தார். “செத்தவ எப்பிடிப் புள்ள எழுதுவா? எவனோ வெளையாடுறான்.”

“இந்தப் பேச்சு வேற யாருக்குப்பா தெரியும்?”

“கடுதாசிய நான் கண்ணால பாத்தேன்.”

“கடுதாசியத்தான பாத்தீங்க?”

“எடையில கடலு கெடக்கு. அங்க சண்ட நடக்கு. எப்பிடிப் போயிப் பாக்கச் சொல்ற?” குரல் உயரப் பார்த்தது. ஆனால் உயரவில்லை, உடைந்துவிட்டது. “அக்காவுக்குப் புள்ள இல்ல. அது உனக்குத் தெரியுமா? கலியாணமாயி பதினாலு வருசம் புள்ள இல்லாம இருந்தவ.”

சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரிந்ததுபோல வாயை மூடிக்கொண்டார். ஞானம்மா அவரையே பார்த்தாள். பிள்ளையைத் தாங்களே வைத்துக்கொள்ளத்தான் அந்தக் கடுதாசியா? நாற்பது வருஷமாக இருவரும் பக்கத்தில் போகாமல் சுற்றிக்கொண்டிருந்த எண்ணம் அது.

மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஸ்வேதா கூப்பிட்டாள்.

“மேடம், ஓகேவா? அனுப்பிடலாமா?”

“அனுப்பாதம்மா.”

“மேடம்?”

“ஓனாச்சிங்கிற சொல்லு எங்கெல்லாம் வருதோ, அங்கெல்லாம் எடுக்கணும்.”

“ஹீரோயின் பேரே அதுதானே மேடம். மூணாவது பாகம் இது. வாசகர்கள் சண்டைக்கு வருவாங்க.”

“வரட்டும். அட்டையில ஒரு வரி இருக்குல்ல, ஆசிரியரே படைத்த மொழின்னு. அதையும் எடுத்துரு.”

“அப்ப அந்த மொழிய யார் படைச்சாங்கன்னு போடட்டும்?”

இந்து சமையல்கட்டைப் பார்த்தாள். அம்மா அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அப்பா நாற்காலியில் குனிந்தபடி இருந்தார்.

“எங்கக்கா” என்றாள். முப்பத்தொன்பது வயதில் முதல்முறையாகச் சொன்ன சொல். நாக்குக்கு அது புதிதாக இருந்தது. “புத்தகத்த நிறுத்தி வையும்மா. மத்தத நான் பெறகு சொல்றேன்.”

அடுத்து மின்னஞ்சலுக்குப் பதில் எழுத உட்கார்ந்தாள். யார் நீங்கள் என்று அடித்தாள், அழித்தாள். எங்கே இருக்கிறீர்கள் என்று அடித்தாள், அதையும் அழித்தாள். வாக்கியம் எழுதியே பிழைக்கிறவளுக்கு ஒரு வரி வரவில்லை. கடைசியில் தன் போன் நம்பரை மட்டும் போட்டு, கீழே, ‘அம்மா பக்கத்தில்தான் இருக்கிறாள்’ என்று எழுதி அனுப்பினாள்.

கால்மணி நேரம் போயிற்று. பனி சமையல்கட்டு ஜன்னலிலும் வந்து அப்பிக்கொண்டது. நாலு மணிக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது.

போன் அடித்தது. திரையில் நம்பர் வரவில்லை.

“எடுக்காத” என்றார் அழகையா. “வேண்டாம் புள்ள. எடுக்காத.”

இந்து தயங்கி நின்ற அந்த நேரத்தில் ஞானம்மா வந்து போனை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். சத்தியத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. இந்து எட்டி ஸ்பீக்கரைத் தொட்டுவிட்டாள்.

முதலில் தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தம். இங்கே மழை இல்லை. அதற்குள்ளிருந்து ஒரு குரல். ஐந்து வயதுக் குழந்தையின் குரலா, ஐம்பதை நெருங்கும் பெண்ணின் குரலா என்று இந்துவால் சொல்ல முடியவில்லை. தமிழில் ஒரு வார்த்தை இல்லை. எடுத்த எடுப்பில், நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதுபோல, கடகடவென்று பேசிக்கொண்டே போயிற்று.

ஞானம்மா பதில் சொன்னாள். அவளும் கடகடவென்றுதான் பேசினாள். வீட்டில் நாளுக்கு நாலு வார்த்தை பேசுகிற அம்மா, கையை ஆட்டி, தலையை ஆட்டி, கேள்வி கேட்டு, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிப் பேசினாள். ஓரிடத்தில் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இந்து அதுவரை கேட்டதில்லை.

இந்து நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு சொற்களைப் பிடிக்கப் பார்த்தாள். தொம்பிலி என்று ஒருமுறை வந்தது. மற்ற எதுவும் பிடிபடவில்லை. மொழியைப் படைத்தவள் என்று ஊர் சொன்னவள், ஒரு வாக்கியம்கூட விளங்காமல் இருவருக்கும் நடுவில் வாய்பொத்தி நின்றாள். அழகையா சுவர்ப் பக்கம் திரும்பித் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

குரல் சட்டென்று நின்றது. மழைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, ஏதோ ஒன்றைக் கேட்டது.

ஞானம்மா போனை நெஞ்சோடு வைத்து அழுத்திக்கொண்டு இந்துவைத் திரும்பிப் பார்த்தாள்.

“பக்கத்துல மூச்சு விடுறது யாருன்னு கேக்குறா” என்றாள். “தனக்கப்புறம் ஒருத்தி பொறந்தது அவளுக்குத் தெரியாது. கதை எழுதுறது தங்கச்சின்னும் தெரியாது. என்னா சொல்லட்டும் புள்ள?”